புற்றுநோய் வலிக்கு தரும் மார்பின் போதை மாத்திரையா? பயந்து அரிசி டப்பாவில் ஒளித்து வைக்கும் குடும்பங்கள்

வலி மாத்திரைகளை போதைக்காக விற்ற வாலிபர்கள் கைது. இந்த மாதிரி செய்தி தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு ஊரில் இருந்து வந்து கொண்டேதான் இருக்கிறது. டேபெண்டடால் என்ற மாத்திரையின் பெயர் போலீஸ் செய்தி படிக்கிற எல்லோருக்கும் இப்போது தெரியும். படித்துவிட்டு, "காலம் கெட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அதே செய்தியை கட்டிலில் படுத்தபடி கேட்கிற நோயாளி வீடுகளும் இருக்கின்றன. அங்கே அது வேறு விதமாகப் போய்ச் சேருகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை எடுத்து ஒளித்து வைக்கிறார்கள். நோயாளி ராத்திரி முழுக்க துடிக்கிறார்.

குடியாத்தம் பக்கம் தறி நெய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். இது ஒரு வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதை சேர்த்துச் சொல்லும் உதாரணம்தான். அவருக்கு வயது 54. முப்பது வருஷமாக வாயில் புகையிலை அடக்கும் பழக்கம். கன்னத்தில் வந்த புண் புற்றுநோய் என்று தெரிந்தபோது தாடை எலும்பு வரை போய்விட்டது. கரண்ட் வைத்துப் பார்த்தாகிவிட்டது. பாராசிட்டமால், டைக்ளோபினாக், டிரமடால் என்று எல்லாம் கொடுத்தும் வலி அடங்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் மார்பின் 10 மில்லி கிராம் மாத்திரை எழுதினார்கள். பதினைந்து நாளைக்கு 90 மாத்திரை.

வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு சொல்கிறார். "யக்கா, இது அபின் சரக்கு. பழகிட்டா விடாது. இன்னைக்கு ஒண்ணு குடுப்ப, நாளைக்கு நாலு கேப்பாரு. பாத்துக்கோ."

அவ்வளவுதான். மனைவி மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுகிறார். அவர் கத்தி அழுதால் மட்டும் ஒன்று எடுத்துக் கொடுப்பார். எட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்த நர்ஸ் எண்ணிப் பார்த்தபோது 71 மாத்திரை அப்படியே இருந்தது. 48 மாத்திரை தீர்ந்திருக்க வேண்டும். தீர்ந்தது 19.

"ஏம்மா, அவரு அழுவுறதுக்கு காத்திருந்தா குடுக்குறீங்க?" என்று கேட்டார் நர்ஸ்.

"அடிமை ஆயிடுவாருன்னு பயந்தேன்மா" என்றார் அந்த அம்மா.

மணி பார்த்துக் கொடுக்க வேண்டிய மாத்திரை

இந்தத் தவறு எங்கே நடக்கிறது என்பதை புரிந்து கொள்ள வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரையை விழுங்கினால் சுமார் அரை மணி நேரத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கும். அதன் பலன் சுமார் நாலு மணி நேரம்தான். அதற்குப் பிறகு ரத்தத்தில் அளவு குறையும். வலி திரும்ப எழும்பும். எழும்பிய வலியை அடக்க கஷ்டம். எழும்பாமல் பார்த்துக் கொள்வது சுலபம். அடுப்பில் பால் பொங்குவதற்கு முன்னால் தீயைக் குறைக்கிற மாதிரி.

அதனால்தான் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதுகிறார்கள். காலை 6, பகல் 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10. நடு ராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காக ராத்திரி 10 மணிக்கு மட்டும் இரண்டு மடங்கு கொடுக்கச் சொல்வது வழக்கம். அந்த தறிக்காரருக்கும் அப்படித்தான் எழுதியிருந்தது. சீட்டில் இருந்ததை மனைவிக்கு யாரும் நிதானமாக விளக்கிச் சொல்லவில்லை. கூட்டமான ஆஸ்பத்திரியில் அதற்கு நேரம் எங்கே என்று கேட்கலாம். ஆனால் அந்த ஐந்து நிமிஷம் பேசாததால்தான் எட்டு நாள் ஒரு மனுஷன் தூங்கவில்லை.

இரண்டு வேளைக்கு நடுவில் வலி வந்தால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே டாக்டரிடம் கேட்டு வைத்துக் கொள்ள வேண்டும். கூடுதலாக ஒரு வேளை கொடுக்கலாம் என்று பெரும்பாலும் சொல்வார்கள். எத்தனை தடவை அப்படி கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு நாளில் பல தடவை தேவைப்பட்டால் அளவு போதவில்லை என்று அர்த்தம். அப்போது டாக்டர் அளவை மாற்றுவார். வீட்டில் யாரும் தங்கள் இஷ்டத்துக்கு கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒருவருக்கு 10 மில்லி கிராம் சரியாக இருக்கும், இன்னொருவருக்கு 5 கூட அதிகம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மார்பின் உடம்பில் தேங்கும். அவர்களுக்கு கணக்கே வேறு.

1986-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு ஒரு ஏணி முறையை சொன்னது. முதல் படியில் பாராசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரை. அடங்காவிட்டால் இரண்டாவது படியில் கொடீன் போன்ற லேசான அபின் வகை மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் மூன்றாவது படியில் மார்பின். முடிந்தவரை ஊசி இல்லாமல் வாய் வழியாக, கடிகாரம் பார்த்து கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு.

அடிமை ஆகிவிடுவாரா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். இதில் இரண்டு விஷயம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது.

மார்பினை சில வாரம் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பு அதற்குப் பழகும். திடீரென்று நிறுத்தினால் வியர்க்கும், மூக்கு ஒழுகும், உடம்பு வலிக்கும், வயிற்றுப்போக்கு வரும், தூக்கம் வராது. இது யாருக்கும் வரும். உடம்பின் பழக்கம், அவ்வளவுதான். தேவை இல்லை என்று ஆனால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக குறைத்து நிறுத்திவிடுவார்.

அடிமை ஆவது வேறு. மாத்திரைக்காக பொய் சொல்வது, நாலு டாக்டரிடம் சீட்டு வாங்குவது, பணம் திருடுவது, வலி இல்லாவிட்டாலும் போதைக்காக தேடுவது, வேலை போனாலும் குடும்பம் போனாலும் விட முடியாமல் இருப்பது. புற்றுநோய் வலிக்கு டாக்டர் கண்காணிப்பில் சரியான அளவில் சாப்பிடுகிறவர்களிடம் இது அபூர்வம். வரவே வராது என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே குடிப்பழக்கம், கஞ்சா பழக்கம் இருந்தவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொன்னால் மருந்து கொடுக்க மாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். ஒரு மாதத்துக்குப் பதில் ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்து கவனமாக பார்ப்பார்கள்.

வலியில் துடிக்கிறவர் "இன்னும் ஒண்ணு குடு" என்று கேட்பது போதைக்கான ஆசை மாதிரி தெரியும். அளவு பத்தாமல் கொடுத்தாலும் நோயாளி அப்படித்தான் கேட்பார். சரியான அளவு கொடுத்து வலி அடங்கியதும் அந்தக் கேள்வியே நின்றுவிடும். அரிசி டப்பா வீட்டில் நடந்ததும் அதுதான். நர்ஸ் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைக் காட்டி சொல்லிக் கொடுத்த பிறகு, அடுத்த சில நாளில் அவர் கூழ் குடித்தார், வாசலில் வந்து உட்கார்ந்தார், பேத்தியோடு பேசினார்.

இன்னொரு பயம், "மார்பின் குடுத்துட்டாங்களா, அப்ப கதை முடிஞ்சுது" என்பது. மார்பின் எத்தனை நாள் உயிரோடு இருப்பார் என்பதைப் பார்த்து கொடுப்பது இல்லை. எவ்வளவு வலி என்பதைப் பார்த்து கொடுப்பது. சிகிச்சை நடக்கும்போதே கொடுப்பார்கள். வலி குறைந்ததும் நிறுத்தியவர்களும் உண்டு. சரியான அளவில் கொடுத்தால் அது சாவை சீக்கிரம் கொண்டு வருவதும் இல்லை.

மலச்சிக்கல் வரும், மறக்க வேண்டாம்

மார்பின் சாப்பிடுகிற ஏறக்குறைய எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும். மற்ற தொந்தரவுகள் நாளாக நாளாக குறையும். இது மட்டும் குறையாது. முதல் நாளில் இருந்தே பேதி மாத்திரையும் சேர்த்து சாப்பிட வேண்டும். வாழைப்பழம் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று விட்டால் ஒரு வாரத்தில் வயிறு உப்பி, அந்த வேதனையில் மார்பினே வேண்டாம் என்று நோயாளி தூக்கி எறிந்துவிடுவார். இப்படி நின்றுபோன வைத்தியம் நிறைய.

முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும். குமட்டலுக்கு தனி மாத்திரை உண்டு. தூக்கம் இரண்டு மூன்று நாளில் தெளியும். பல நாள் தூங்காதவர் வலி அடங்கி தூங்குவதைப் பார்த்து வீட்டில் பயந்துவிடக் கூடாது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பதில் சொன்னால் அது நல்ல தூக்கம்.

தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாக விட்டு விட்டு வருகிறது, கண் பாப்பா குண்டூசி முனை மாதிரி சுருங்கிவிட்டது என்றால் அது ஆபத்து. உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும். அளவு மீறிய மார்பினை முறிக்க நாலக்சோன் என்ற ஊசி ஆஸ்பத்திரியில் உண்டு. என்ன மாத்திரை, எத்தனை, எப்போது கொடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அட்டையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

இந்த ஆபத்து பெரும்பாலும் கலப்பதால் வருகிறது. மார்பின், டிரமடால், டேபெண்டடால் எதுவாக இருந்தாலும் சாராயம், பிராந்தியோடு சேரக் கூடாது. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கும். ஏற்கெனவே தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை டாக்டரிடம் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாக சேர்த்துக் கொடுப்பதும் கூடாது.

12 மணி நேரம் வேலை செய்யும் மார்பின் மாத்திரையும் உண்டு. அதை உடைக்கவோ நசுக்கவோ கூடாது. நசுக்கினால் 12 மணி நேர மருந்து ஒரே அடியாக இறங்கும். வாயில் புண் இருப்பதால் விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து கேட்க வேண்டும். தோலில் ஒட்டும் பென்டனில் பிளாஸ்திரி அப்படி ஒன்று. மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்றுவது. அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் மருந்து வேகமாக உள்ளே போய்விடும்.

குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசா செடி

மார்பின் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். நாம் குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிற கசகசாவின் செடிதான். விதை சமையலுக்கு. பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதில் இருந்து 1800-களின் தொடக்கத்தில் செர்டூர்னர் என்ற ஜெர்மன்காரர் பிரித்து எடுத்ததுதான் மார்பின். நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள் பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் மத்திய அரசின் தொழிற்சாலைகள் இருக்கின்றன. (இந்த செடியின் சங்கதியால்தான் வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைக்கக் கூடாது என்கிறார்கள்.)

மருந்து விளைகிற நாட்டிலேயே அது நோயாளிக்கு கிடைக்காமல் இருந்ததுதான் கொடுமை. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்பு சட்டம் கடத்தல்காரர்களைப் பிடிக்க கொண்டு வரப்பட்டது. ஆனால் ஒரு ஆஸ்பத்திரி மார்பின் வாங்கி வைக்க பல மாநிலங்களில் நாலைந்து லைசென்ஸ் வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி ஆகிவிடும். ஆஸ்பத்திரிகள் நமக்கு ஏன் வம்பு என்று விட்டுவிட்டன. பக்கத்து கேரளாவில் 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் அவருடன் இருந்தவர்களும் வலி நிவாரண சங்கம் தொடங்கினார்கள். வாய் வழி மார்பினை வீட்டில் இருக்கும் நோயாளிகளுக்கும் ஒழுங்காக கொடுக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், பென்டனில், கொடீன், மெதடோன் உள்ளிட்ட சில மருந்துகளை அத்தியாவசிய போதை மருந்துகள் என்று தனியாகப் பிரித்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் ஒரே அனுமதியில் வாங்கி வைக்க வழி செய்தார்கள். ஆனால் தெருமுனை மெடிக்கலில் மார்பின் பெரும்பாலும் கிடைக்காது. அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரியில்தான் வாங்க வேண்டும். விலை அதிகம் இல்லை. தூரமும் அலைச்சலும்தான் செலவு. தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து தருவது உண்டு. விவரம் கேட்க 104 எண்ணுக்கு போன் செய்யலாம்.

டாக்டர் சீட்டுடன் அளவாக வைத்திருப்பது குற்றம் அல்ல. பஸ்சில் எடுத்துப் போகும்போது மாத்திரையை பொட்டலமாக மடிக்காமல், அட்டையும் சீட்டும் சேர்த்து வைத்துக் கொண்டால் யாரும் கேட்டாலும் பயம் இல்லை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் டிரமடால் ஒரு அட்டை கூட அந்த நாட்டின் விதியைப் பார்க்காமல் கொண்டு போகக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் இதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும்.

முதுகு வலிக்கும் முட்டி வலிக்கும் இதே மாத்திரையா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மூட்டை தூக்குகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர், தறியில் பத்து மணி நேரம் குனிகிறவர், பீடி சுற்ற சம்மணம் போட்டு உட்காருகிறவர் எல்லோருக்கும் வலி உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். மெடிக்கலில் போய், "அன்னைக்கு குடுத்தீங்களே, அந்த பவர் மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் டைக்ளோபினாக் வகை மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்கினால் குடல் புண்ணாகும், சிறுநீரகம் கெடும். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். டிரமடால், டேபெண்டடால் பக்கம் போனால் பழக்கம் ஒட்டும். டிரமடால் அதிகமானால் வலிப்பும் வரும். டிரமடாலை 2018-ல் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. சீட்டு இல்லாமல் விற்கிற கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்யவில்லை.

முதுகு, முட்டி போன்ற நாள்பட்ட வலிக்கு வருஷக் கணக்கில் அபின் வகை மாத்திரை கொடுப்பதில் பலன் குறைவு, ஆபத்து அதிகம் என்பதுதான் இப்போது டாக்டர்கள் சொல்வது. அமெரிக்கா இதைப் பட்டுத் தெரிந்து கொண்டது. அங்கே 1996-ல் பர்டியூ என்ற கம்பெனி ஆக்சிகான்டின் மாத்திரையை விற்பனைக்கு விட்டது. அடிமை ஆக்கும் ஆபத்து குறைவு என்று சொல்லி, சாதாரண வலிக்கும் எழுத வைத்தது. 2007-ல் கோர்ட்டில் அந்தக் கம்பெனி குற்றத்தை ஒப்புக் கொண்டது. மாத்திரையில் தொடங்கியவர்களில் பலர் ஹெராயினுக்கும் கள்ள பென்டனிலுக்கும் போனார்கள். 2021-ல் மட்டும் போதைப்பொருள் அளவு மீறி அங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

நாள்பட்ட முதுகு வலிக்கு பிசியோதெரபி, தூக்குகிற முறையை மாற்றுவது, நடை, எடை குறைப்பு என்று மெதுவான வைத்தியம்தான் நிலைக்கும். சுகர்காரர்களுக்கு கால் எரிச்சலாக வருவது நரம்பு வலி. அதற்கு அமிட்ரிப்டிலின் போன்ற வேறு மருந்து உண்டு. வலி மாத்திரையை அடுக்கிக் கொண்டே போவதில் பிரயோஜனம் இல்லை. ஏற்கெனவே மாட்டிக் கொண்டவர்கள் வெட்கப்படாமல் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் பேசலாம்.

பூட்டு, நோட்டு, எண்ணிக்கை

மார்பின் இருக்கும் வீட்டில் அதைக் கேட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். "மாமா, பல்லு வலி தாங்கல, ஒண்ணு குடுங்க" என்று சொந்தக்காரரே கேட்பார். கொடுக்கக் கூடாது. பழக்கம் இல்லாத உடம்பில் அந்த ஒன்றே மூச்சை அடக்கலாம். குழந்தை கையில் கிடைத்தால் இன்னும் ஆபத்து. தெருவில் யாரிடமும் மாத்திரை பெயரை சொல்லிக் கொண்டிருக்க வேண்டாம். பீரோவில் பூட்டி, சாவியை ஒருவரே வைத்துக் கொள்ள வேண்டும். கழற்றிய பென்டனில் பிளாஸ்திரியிலும் மருந்து மிச்சம் இருக்கும் என்பதால் ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்து பூட்டி வைத்திருந்து, ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்த தறிக்காரர் வீட்டில் அரிசி டப்பாவில் இருந்து மாத்திரை டிரங்கு பெட்டிக்கு மாறியது. பேத்தியின் பழைய நோட்டில் மணி, எண்ணிக்கை, வயிறு போனதா இல்லையா என்று மூன்று கோடு. எழுத்து தெரியாத மனைவிக்கு பதில் பேத்தி எழுதுவாள். பாட்டி மணி சொல்வாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் அடுத்த சீட்டு எழுதுவார். நாலு மாதம் அப்படிப் போகும்.

அவர் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் டிரங்கு பெட்டியில் 22 மாத்திரை மிச்சம் இருக்கும். குப்பையில் போடாமல், பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்துக் கொள்ளாமல், நோட்டோடு சேர்த்து நர்சிடம் கொடுக்க வேண்டும். அவர் எண்ணி, எழுதி, கையெழுத்து வாங்கிக் கொண்டு எடுத்துப் போவார்.